இசையின் வேகமும் உணர்வும்: பெரம்பலூர், அரியலூர் வட்டார மரபுகள்

இசையின் வேகம் என்பது ஒரு பாடலில் தட்டுகள் அடுத்தடுத்து விழும் விரைவைக் குறிக்கும். கருநாடக இசையில் இது காலப்பிரமாணம் எனப்படும். மெதுவான இசை சோகத்தையும் விரைவான இசை மகிழ்ச்சியையும் தரும் என்பது பரவலான நம்பிக்கை. இது பாதி உண்மையே. வேகம் ஓர் இசையின் ஊக்கத்தை, அதாவது அது உடலை எவ்வளவு எழுப்புகிறது அல்லது அமர்த்துகிறது என்பதை, தெளிவாகக் காட்டுகிறது. அந்த ஊக்கம் இன்பமா துன்பமா என்பதை வேகம் மட்டும் சொல்வதில்லை. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இதற்கு இரு எதிரெதிர்ச் சான்றுகள் கிடைக்கின்றன. ஒன்று, உடையார்பாளையம் ஜமீனில் பிறந்த, மிக மெதுவாகப் பாடப்படும் காதல் பதங்கள். மற்றொன்று, சாவு ஊர்வலத்தில் விரைந்து ஒலிக்கும் பறை.

பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து 1995-இல் பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. அதிலிருந்து 2007-இல் அரியலூர் தனி மாவட்டமாயிற்று. இசை வழக்கங்களைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே வட்டாரமாகும்.

வேகத்தைக் குறிக்கும் சொற்கள்

வேகத்தை விளம்பம் (சவுக்கம்), மத்திமம், துரிதம் என மூன்றாகப் பகுப்பது இன்றைய வழக்கம். தமிழ் மரபில் இதைவிட நுணுக்கமான பகுப்பு உண்டு. சிலப்பதிகாரத்துக்கு அடியார்க்கு நல்லார் எழுதிய உரை முதல்நடை, வாரம், கூடை, திரள் என நான்கு இயக்கங்களைக் கூறுகிறது. முதல்நடை மிகவும் தாழ்ந்த செலவு, திரள் மிகவும் முடுகிய நடை. இடையிலுள்ள இரண்டும் சொல்லும் இசையும் எவ்வளவு செறிந்து வருகின்றன என்பதைப் பொறுத்து வேறுபடுகின்றன. வேகத்தை வெறும் விரைவாக மட்டும் பார்க்காமல் செறிவாகவும் பார்த்தது இப்பகுப்பின் சிறப்பு.

அந்த உரையுடன் சிலப்பதிகாரத்தை 1892-இல் பதிப்பித்தவர் உ. வே. சாமிநாதையர். அவருடைய இளமையின் பெரும்பகுதி அரியலூரிலும் குன்னத்திலும் அவற்றைச் சுற்றிய ஊர்களிலும் கழிந்தது. செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் அவர் யாப்பருங்கலக் காரிகை பாடம் கேட்டார். பாவுக்குரிய செப்பல், அகவல், துள்ளல், தூங்கல் என்னும் ஓசைகளை விளக்கும் நூல் அது. தூங்கல் என்றதும் சோர்வு நினைவுக்கு வரலாம். ஆனால் அந்த ஓசைக்குரிய வஞ்சி அடிகள் மிகுதியாக வரும் பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தின் செழிப்பையும் கரிகாலனின் வெற்றிகளையும் பாடுகிறது. ஓசையின் நடையையும் பாட்டின் உணர்வையும் நேருக்கு நேர் பொருத்த முடியாது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

வடமொழி நாட்டிய சாத்திரம் இத்தகைய நேர்ப்பொருத்தம் ஒன்றைத் தருகிறது. வசனம் சொல்லும் முறையைப் பேசும்போது அது அவலத்துக்கு விளம்பம், நகைக்கும் காதலுக்கும் மத்திமம், வீரம், வெகுளி, வியப்பு, இளிவரல், அச்சம் ஆகியவற்றுக்குத் துரிதம் என வகுக்கிறது. இங்கும் துரிதம் ஒன்றே ஐந்து சுவைகளுக்குப் பொதுவாக நிற்கிறது. வீரத்தையும் அச்சத்தையும் பிரித்துக் காட்ட வேகம் போதாது என்பது அந்த வகைப்பாட்டிலேயே தெரிகிறது.

தட்டும் நிரப்பும்

ஒரு பாடல் வேகமானதா மெதுவானதா என்று கேட்பவர் எப்படி முடிவு செய்கிறார் என்பது எளிய கேள்வியன்று. நிமிடத்துக்கு 60 தட்டு என்றால் தட்டுக்கு ஒரு நொடி. அந்த ஒரு நொடிக்குள் ஒரே சுரத்தை அசைத்து நீட்டலாம், எட்டுச் சுரங்களையும் நிரப்பலாம். தாளம் போடும் கை மாறாது, காதில் விழும் வேகம் முற்றிலும் மாறிவிடும். வர்ணத்தை இரண்டு காலங்களில் பாடிப் பழகும் மாணவர்களுக்கு இது அனுபவத்தில் தெரியும். தாளத்தைக் குலைக்காமல் பாட்டை மட்டும் இரட்டிப்பதே அந்தப் பயிற்சி.

ஆகவே கேட்பவர் உணரும் வேகத்தில் தட்டின் விரைவு, தட்டுகளுக்கு இடையிலான நிரப்பு, ஒலியின் உரப்பு, குரலின் அசைவு எல்லாம் கலந்துள்ளன. உணர்வை ஆராயும்போது இவற்றைப் பிரித்துப் பார்க்காவிட்டால் எல்லாப் பழியும் புகழும் தட்டின் விரைவுக்கே போய்விடும்.

உடையார்பாளையம்: மெதுவாகப் பாடும் காதல்

கனம் கிருஷ்ணையர் (1790–1854) இவ்வட்டாரத்தைச் சேர்ந்த திருக்குன்றத்தில் பிறந்தவர். தஞ்சை அரசவையில் பாடிய அவர், பொப்பிலி கேசவையாவிடமிருந்து கன மார்க்கத்தைக் கற்றார் என்பர். கபிஸ்தலம் மூப்பனாரின் ஆதரவிலும், பின்னர் உடையார்பாளையம் ஜமீன்தார் கச்சி யுவரங்கரின் அவையிலும் இருந்தார். சாமிநாதையரின் தந்தை வேங்கடசுப்பையர் அவரிடம் இசை பயின்றவர். சாமிநாதையர் பிறந்தது 1855-இல், கிருஷ்ணையர் மறைந்த மறு ஆண்டு. உறவினரும் தந்தையின் ஆசானுமான அவருடைய வரலாற்றை வீட்டில் கேட்டு வளர்ந்த சாமிநாதையர், பிற்காலத்தில் அதைத் தனி நூலாக எழுதினார்.

கனம் என்னும் அடைமொழியைக் கொண்டு கிருஷ்ணையர் மெதுவாகவே பாடியவர் என்று எண்ணிவிடக் கூடாது. கனம் என்பது நாபியிலிருந்து எழும் குரலின் நிறையைக் குறிப்பது, காலப்பிரமாணத்தைக் குறிப்பதன்று. கனராகங்களில் பாடும் தானம் மத்திம காலத்தில் விறுவிறுப்பாகவே நடக்கும். மெதுவாக நடப்பவை அவர் இயற்றிய தமிழ்ப் பதங்கள்.

பதம் என்பது பெரும்பாலும் தலைவி தோழியிடமோ தலைவனிடமோ பேசும் பேச்சாக அமையும் இசைப்பாடல். 17-ஆம் நூற்றாண்டின் க்ஷேத்ரக்ஞர் தெலுங்கில் இவ்வகைக்குப் பெயர் பெற்றவர். தமிழில் முன்னிற்பவர்களுள் கனம் கிருஷ்ணையர் ஒருவர். பைரவியில் அமைந்த ‘வேலவரே’, பேகடையில் அமைந்த ‘யாருக்காகிலும் பயமா’ ஆகியவை இன்றும் கச்சேரியிலும் பரதநாட்டிய மேடையிலும் பாடப்படுகின்றன.

பேகடைப் பதத்தின் உணர்வு கவனிக்கத்தக்கது. அதில் பேசும் பெண் அழவில்லை, ஏங்கவும் இல்லை. ஊரார் பேச்சுக்கு அஞ்சாதவள் நான் என்று துணிந்து சொல்கிறாள். ‘மெது என்றால் சோகம்’ என்ற கணக்குப்படி இது விரைவாகப் பாடவேண்டிய பாட்டு. ஆனால் பாடும் மரபு இதைச் சவுக்க காலத்தில் வைத்திருக்கிறது. மெதுவாகச் சொல்லும்போது அந்தத் துணிவு கோபமாகச் சிதறாமல் நிதானமான உறுதியாக ஒலிக்கிறது. அவசரமில்லாதவள்தான் அச்சமில்லாதவளாகத் தெரிகிறாள்.

இசை நுட்பத்திலும் இதற்குக் காரணம் உண்டு. பேகடையின் அடையாளம் அதன் மத்திமத்திலும் நிஷாதத்திலும் உள்ளது. அவ்விரு சுரங்களும் ஓரிடத்தில் நிலையாக நில்லாமல் தமக்கே உரிய முறையில் அசைந்தும் சாய்ந்தும் ஒலிப்பவை. அந்த அசைவு முழுமை பெற நேரம் வேண்டும். காலத்தை இரட்டித்தால் கமகம் குறுகி, சுரம் தட்டையாகி, ராகத்தின் முகமே மாறிப்போகும். நாட்டியத்திலும் அப்படியே. ஒரே வரியைப் பலமுறை பாடி, ஒவ்வொரு முறையும் வேறொரு பொருளை அபிநயத்தில் காட்டுவதற்கு மெதுவான காலமே இடம் தருகிறது.

காதலையே பொருளாகக் கொண்ட மற்றொரு வகை ஜாவளி. தருமபுரி சுப்பராயர் முதலானோர் இயற்றிய ஜாவளிகள் துள்ளலான நடையில் செல்பவை. பதமும் ஜாவளியும் ஒரே சிருங்காரத்தை எடுத்துக்கொண்டு, ஒன்று ஆழத்துக்கும் மற்றொன்று குறும்புக்கும் போகின்றன. வேகம் இங்கே உணர்வைத் தீர்மானிக்கவில்லை, அந்த உணர்வின் எந்த முகம் தெரியவேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது.

பறை: விரைவாக ஒலிக்கும் துக்கம்

பறை என்பது மரச்சட்டத்தில் தோல் போர்த்திய, ஒருமுகக் கருவி. ஒரு கையில் நீண்ட மெல்லிய சுண்டுகுச்சியும் மறு கையில் குட்டையான அடிகுச்சியும் கொண்டு அடிப்பர். அடிக்கும் முன் வைக்கோலைக் கொளுத்தி அந்த அனலில் தோலைக் காய்ச்சுவர். ஈரம் போய்த் தோல் இறுகினால்தான் ஓசை கணீரென்று எழும். இவ்வட்டாரக் கிராமங்களிலும் சாவு, கோயில் கொடை, தண்டோரா என்று பல நிகழ்ச்சிகளில் பறை ஒலித்து வந்துள்ளது. சாமிச்சாட்டு அடி, மருள் அடி, மாரடிப்பு அடி, வாழ்த்தடி என அடிகளுக்குத் தனித்தனிப் பெயர்கள் தமிழகத்தில் வழங்குகின்றன. ஊருக்கு ஊர் பெயரும் அடியும் மாறும்.

சாவுப் பறையை முதன்முறை கேட்கும் வெளியூர்க்காரர் அதைத் திருவிழா என்று நினைப்பது உண்டு. வேகமும் உரப்பும் ஆட்டமும் அவ்வாறு எண்ண வைக்கின்றன. ஆனால் அந்த வேகத்துக்குப் பல வேலைகள் உள்ளன. சாவுச் செய்தியை அடுத்த ஊர் வரை கொண்டு செல்ல வேண்டும். இரவு முழுதும் உட்கார்ந்திருப்பவர்களைச் சோர விடாமல் வைத்திருக்க வேண்டும். பாடையைத் தூக்கிச் செல்வோரின் கால்களுக்கு நடை தர வேண்டும். இறந்தவருக்கு ஊர் செய்யும் மரியாதையும் அதில் அடங்கும். பேரன் பேத்தி கண்டு நிறைவாக வாழ்ந்த முதியவரின் சாவைக் கல்யாணச் சாவு என்பர். அங்கே ஆட்டமும் வெடியும் கூடும். இளவயதில் நேர்ந்த சாவில் அந்த ஆட்டம் தவிர்க்கப்படுவது வழக்கம். எந்தச் சாவுக்கு எவ்வளவு ஊக்கம் என்பது ஊராருக்குத் தெரியும். அடியின் விரைவை மட்டும் கேட்பவருக்கு அது தெரியாது.

அதே வீட்டு வாசலில் பெண்கள் பாடும் ஒப்பாரி, தாளக்கட்டுக்குள் அடங்காமல், மூச்சையும் விம்மலையும் ஒட்டி நீண்டு செல்லும். கட்டிக்கொண்டு அழுது மாரடிக்கும்போது அதுவும் முடுகும். தாலாட்டும் மெதுவான நடைதான். ஒப்பாரியையும் தாலாட்டையும் சொற்களை நீக்கிவிட்டுக் கேட்டால் சில இடங்களில் பிரித்தறிவது எளிதன்று. ஆக, ஒரே துக்க வீட்டில் மிக மெதுவான இசையும் மிக விரைவான இசையும் ஒரே இழப்பைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

சாவுப் பறையைப் பற்றிப் பேசும்போது சாதியை ஒதுக்கிவிட்டுப் பேச இயலாது. சாவுக்குப் பறையடிப்பது பட்டியல் சாதியினர் மீது சுமத்தப்பட்ட கடமையாக நெடுங்காலம் இருந்தது. அந்த இழிவை ஏற்க மறுத்துப் பல ஊர்களில் பறையடிப்பதையே நிறுத்தினர். வேறு சிலர் அதே கருவியை உரிமைக் குரலாக மேடைக்குக் கொண்டுவந்தனர். 1990-இல் திண்டுக்கல்லில் தொடங்கிய சக்தி கலைக்குழு, பெண்களைப் பறையடிக்க வைத்து இத்திசையில் பெயர் பெற்றது. விரைந்த அடி ஒருவருக்குக் கொண்டாட்டம், ஒருவருக்குத் துக்கம், மற்றொருவருக்குத் தம் முன்னோர் பட்ட அவமானத்தின் நினைவு. இந்த வேறுபாடு எந்த வேகமானியிலும் பதிவாகாது.

கோயில் வீதியில்

வேகத்தைப் படிப்படியாகக் கையாளும் மரபுக்கு நாகசுர மல்லாரி நல்ல எடுத்துக்காட்டு. சுவாமி புறப்பாட்டின் தொடக்கத்தில் கம்பீர நாட்டை இராகத்தில் வாசிக்கப்படும் மல்லாரிக்குச் சொற்கள் இல்லை. அதையே கீழ்க்காலத்திலும் மேல்காலத்திலும் வாசித்துக் காட்டுவர். தேர், தீர்த்தம், தளிகை என நிகழ்ச்சிக்கேற்ற மல்லாரிகளும் உண்டு. திருமழபாடி போன்ற பெருங்கோயில்களைக் கொண்ட இவ்வட்டாரத்திலும் தவில், நாகசுரம் இல்லாத திருவிழா அரிது. அம்மன் கோயில்களில் உடுக்கை மெல்லத் தொடங்கி முடுகும்போது சாமியாட்டம் எழும். அங்கே மக்களை எழுப்புவது எட்டிய வேகம் மட்டுமன்று, வேகம் ஏறிக்கொண்டே போவதும்தான்.

ஆய்வுகள் காட்டுவது

அமெரிக்க உளவியலாளர் கேட் ஹெவ்னர் 1937-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் முன்னோடியானது. ஒரே இசைத் துண்டுகளை வேகம் மாற்றி வாசிக்கச் செய்து, கேட்போரிடம் பொருத்தமான சொற்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். மெதுவான வடிவங்கள் அமைதி, கனவு, நெகிழ்ச்சி என்றும், விரைவான வடிவங்கள் மகிழ்ச்சி, கிளர்ச்சி என்றும் மதிப்பிடப்பட்டன. மெதுவானவற்றுக்குக் கிடைத்த சொற்களில் சோகம் மட்டும் இல்லை என்பதைக் கவனிக்கலாம்.

பால்க்வில், தாம்சன் இருவரும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில் மேற்கத்திய கேட்போருக்கு இந்துஸ்தானி இராகங்கள் ஒலிக்கப்பட்டன. அந்த இசையுடன் பழக்கமில்லாத அவர்கள் மகிழ்ச்சி, சோகம், சினம் ஆகியவற்றை இனங்கண்டனர். வேகம் அவர்களுக்கு உதவிய தடயங்களுள் ஒன்று. ஆனால் சாந்தத்தை இனங்காண்பது கடினமாக இருந்தது. சாந்தமும் சோகமும் இரண்டுமே மெதுவாக வருபவை என்பதை எண்ணினால் இதில் வியப்பில்லை. பண்பாட்டை அறிந்தவர் மட்டுமே பிரித்தறியும் எல்லை அங்கே தொடங்குகிறது. குழந்தைகளிடம் நடந்த ஆய்வு ஒன்றில் (2001) ஐந்து வயதினர் வேகத்தைக் கொண்டே மகிழ்ச்சி, சோகத்தைப் பிரித்தனர். சுர அமைப்பின் வேறுபாடு அதற்குப் பிறகே பயன்பட்டது. வேகத்தை உணர்தல் முதலில் வருகிறது, நுட்பங்கள் பழக்கத்தில் வருகின்றன.

உடலளவிலும் விளைவு உண்டு. இத்தாலியில் பெர்னார்டி குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், இந்திய இராகம் உள்ளிட்ட ஆறு வகை இசைத் துண்டுகளை 24 பேர் கேட்டனர். வேகம் கூடக் கூட மூச்சும் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் கூடின. இசைக்கு நடுவே விடப்பட்ட இரண்டு நிமிட மௌனத்தில் உடல், இசை கேட்கத் தொடங்குமுன் இருந்ததைவிடவும் தளர்ந்தது.

தனி விருப்பம்

ஒருவரை எதுவும் சொல்லாமல் விரலால் மேசையைத் தட்டச் சொன்னால், பெரும்பாலான பெரியவர்கள் ஏறத்தாழ 0.6 நொடிக்கு ஒரு தட்டு, அதாவது நிமிடத்துக்கு 100 என்ற அளவுக்கு அருகில் தட்டுவர். இது ஆளுக்கு ஆள் மாறும், வயதுக்கேற்பவும் மாறும். 4 முதல் 95 வயது வரையுள்ளோரிடம் நடந்த 2006 ஆய்வு, சிறுவர்கள் விரைவாகவும் முதியோர் மெதுவாகவும் தட்டுவதைக் கண்டது. ‘இந்தக் காலத்துப் பாட்டு ஒரே ஓட்டம்’ என்று தாத்தா சலித்துக்கொள்வதில் உடலின் பங்கும் கொஞ்சம் உண்டு போலும்.

பழக்கத்தின் பங்கு அதைவிடப் பெரிது. லெவிட்டின், குக் 1996-இல் செய்த ஆய்வில் மக்கள் தமக்குப் பிடித்த பாடலை நினைவிலிருந்து பாடினர். பத்தில் ஏழு முறைக்கு மேல் அசல் வேகத்திலிருந்து 8 விழுக்காட்டுக்குள்ளேயே பாடினர். பாடலோடு அதன் வேகமும் மனத்தில் பதிந்துவிடுகிறது. அதனால்தான் நன்கு தெரிந்த பாட்டை வேறு காலத்தில் பாடினால் ‘ஏதோ தவறு’ என்று தோன்றுகிறது.

கருநாடக இசை உலகில் இதன் பெரிய சான்று 20-ஆம் நூற்றாண்டில் கிடைக்கிறது. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) மத்திம காலத்தை மையமாக வைத்து அமைத்த கச்சேரி முறை எங்கும் பரவியது. இரசிகர்களின் காது அந்த வேகத்துக்குப் பழகியது. அச்சூழலில் எம். டி. ராமநாதன் (1923–1984) மிக மெதுவான காலத்தில் பாடினார். ஒரு சாரார் அதைப் பொறுக்க முடியாத இழுவை என்றனர், மறுசாரார் வேறு எவரிடமும் கிடைக்காத அமைதி என்றனர். பாட்டு ஒன்றே, வேகமும் ஒன்றே, கேட்டவர் எதிர்பார்ப்பே வேறு. வீணை தனம்மாள் (1867–1938) குடும்பத்தார் பதங்களைப் பழைய காலப்பிரமாணத்திலேயே காத்து வந்தனர். டி. பிருந்தா (1912–1996) முதலானோரிடம் பலர் தேடிச் சென்று பதம் கற்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரே ஆளுக்கும் வேளைக்கேற்ப விருப்பம் மாறும். நாற்று நடும்போது வேண்டியது கையோடு ஒத்துப்போகும் நடை, இரவுப் பேருந்தின் ஓட்டுநருக்கு வேண்டியது விழித்திருக்க வைக்கும் நடை. துயரத்தில் இருப்பவர் மெதுவான பாட்டையே நாடுவதும் உண்டு, அதை ஒரேயடியாகத் தவிர்த்துக் குத்துப்பாட்டைத் தேடுவதும் உண்டு.

வேகத்தை மாற்றும் கருவிகள்

நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடவேண்டிய இசைத்தட்டை 45 சுற்றில் ஓட்டினால் வேகம் 1.35 மடங்காகும், கூடவே சுருதியும் ஏறிக் குரல் கீச்சிடும். மைக்செட் காலத்துச் சிறுவர்களுக்கு இது ஒரு விளையாட்டு. இன்றைய கைப்பேசிச் செயலிகள் சுருதியை மாற்றாமல் வேகத்தை மட்டும் கூட்டவும் குறைக்கவும் வல்லவை. திரைப்பாடல்களை மெதுவாக்கி, எதிரொலி சேர்த்து இணையத்தில் ஏற்றும் வழக்கமும் பரவியுள்ளது. துள்ளலான காதல் பாட்டு அவ்வாறு மெதுவாகும்போது பிரிவுப் பாட்டு போல ஒலிக்கிறது.

இதே முறையில் ஒரு பதத்தை விரைவாக்கிக் கேட்டால் அது ஜாவளியாகிவிடுவதில்லை. கமகங்கள் பாடகர் பாடிய விகிதத்திலேயே சுருங்குவதால் நடுக்கமாகத் தோன்றும். பாடகர் தாமே காலத்தைக் கூட்டும்போது அசைவுகளைக் குறைத்து, சொற்களை மாற்றிப் பிரித்து, மூச்சு விடும் இடங்களை நகர்த்திக்கொள்கிறார். பறையிலும் அடியை முடுக்குபவர் சில தட்டுகளை உதிர்த்துவிட்டே முடுக்குகிறார்.